கடைசியாக வந்த செய்தி

போன மாதம் திருமுல்லைவாயிலில் ஒரு காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே நின்றிருந்த எல்லாருடைய கைபேசிகளும் ஒரே சமயத்தில் அலறின. ஒரு பெண்மணி பயந்துபோய்ப் பையைக் கீழே போட்டுவிட்டார். கடைக்காரர் தன் போனைத் தராசுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, "இன்னாடா இது, வெடிக்கப் போவுதா?" என்றார். பேரிடர் எச்சரிக்கைக்காக விட்ட சோதனைச் செய்தி அது. முழுவதும் படித்தவள் அந்தக் கடையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் விரலால் தள்ளிவிட்டு மறுபடி காய் பார்க்க ஆரம்பித்தார்கள்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகத் தொண்டை வறளக் கத்தியவளுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தயாளன் ஞாபகம் வந்துவிட்டது. அவர் ஞாபகம் வந்தால் அந்த நாள் அவ்வளவுதான். குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்பதுகூட மறந்துபோகும்.

நான் கிராம நிர்வாக அலுவலராக வேலையில் சேர்ந்து, வருவாய் ஆய்வாளராக ஓய்வு பெற்றவள். பணியில் பெரும்பகுதி பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவிலேயே கழிந்தது. பயிற்சியில் பட்டா மாற்றம், எல்லைக் கல், அடங்கல், வாரிசுச் சான்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்தை அதன் வீட்டைவிட்டு வெளியே வரச் சொல்வது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதெல்லாம் ஒரு வேலையா, அறிவிப்பைப் படித்தால் போதாதா என்று நானும் நினைத்திருந்தேன்.

முதல் மழைக்காலத்தில் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். "உபரி நீர் வெளியேற்றப்படவுள்ளதால், கால்வாயின் இரு கரைகளிலும் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." காலையிலிருந்து அதையே படித்துக்கொண்டு போனேன். கோழிக்கடைக்காரர் ஒருவர் ஆட்டோவை நிறுத்தி, "யக்கா, தாழ்வான பகுதின்னா பின்னாடி தெருவா?" என்று அக்கறையாகக் கேட்டார். பின்னாடி தெருவுக்குப் போனால், "அது கால்வாய்க்கு அந்தாண்ட இருக்கறவங்களுக்கு" என்றார்கள். அந்தாண்ட போனால் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். நான் சுற்றிய இடத்தில் தாழ்வான பகுதியில் ஒருத்தர்கூடக் குடியிருக்கவில்லை.

இப்படியே பல மழைக்காலங்கள் போயின. பிறகுதான் இளங்கோ எங்களுக்குத் தாசில்தாராக வந்தார்.

என்னைவிட வயதில் நன்றாக இளையவர். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். "குடிக்கிற தண்ணிக்கு லாரி வருமான்னு பார்த்துக்கிட்டு வளர்ந்தவன், வெள்ளத்துக்கு அதிகாரியா வந்திருக்கேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அலுவலகத்தில் என்னை மேடம் என்பார். ஜீப்பில் ஏறிவிட்டால் அக்கா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைக்கிற வேகத்தைப் பார்த்தே நாங்கள் நிலவரம் தெரிந்துகொள்வோம்.

அந்த அறிவிப்புத் தாளை அவர் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

"மேடம், இதைக் கேட்டா உங்க வீட்டுல யாராச்சும் எழுந்திருப்பாங்களா?"

"மாட்டாங்க சார்."

"ஏன்?"

"எங்களைத்தான் சொல்றாங்கன்னு தெரியாது."

"எனக்கும் தெரியல. வாங்க, யாரைச் சொல்றோம்னு போய்ப் பார்ப்போம்."

ஏரியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அதன் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து கால்வாய் ஓரமாகவே நடந்தோம். ஒவ்வொரு தெருவிலும், முன்பு பெய்த பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். அடிக்கணக்கு அவருக்கு வேண்டியதில்லை. ரேஷன் கடையின் மேல் படி, மாரியம்மன் கோயில் உண்டியல், மசூதித் தெரு முனையில் மெத்தைக்கடை வாசல் என்று ஜனங்கள் கை காட்டியதைத்தான் மனதில் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து அறிவிப்பை நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாற்றினோம்.

"ஏரித் தண்ணியைத் தொறந்து வுடப் போறாங்க. ரேஷன் கடையிலேர்ந்து மசூதித் தெரு முனை வரைக்கும் ஊட்டுக்குள்ள தண்ணி வரும். விளக்கு வைக்கறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க. அங்க சாப்பாடு இருக்கு."

"பொம்பளைங்களுக்குத் தனி பாத்ரூம் இருக்குன்னும் சேர்த்துக்கணும் சார்" என்றேன். "இல்லன்னா ஆம்பளைங்களையும் புள்ளைங்களையும் அனுப்பிட்டு அவங்க ஊட்டுலயே இருந்துடுவாங்க." அவர் அதை முதல் வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார். அரசாங்க அறிவிப்பு இப்படிப் பேச்சு வழக்கில் இருந்தால் மரியாதை இருக்குமா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். இளங்கோ கண்ணாடியைக் கழற்றினார். கேட்டவர் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

அறிவிப்பு ஆட்டோ தயாளனுடையது. குமணன்சாவடிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். கால்வாயை ஒட்டிய கடைசி வரிசையில் வீடு. மனைவி பத்மா அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். குழந்தைகள் இல்லை. மழைக்காலம் வந்தால் தயாளன் தானாகவே வந்து நிற்பார். "மேடம், உங்க வாய்சுக்கு நீங்க ரேடியோவுக்குப் போயிருக்கணும். இங்க வந்து மாட்டிக்கினீங்க" என்பார்.

மழைக்கு முன் அறிவிப்பை ஒத்திகை பார்த்த அன்று இளங்கோ மெத்தைக்கடை சாதிக் பாய் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பஞ்சு அடிக்கும் இயந்திரத்தை ஓடவிடச் சொன்னார், டிவியைப் போடச் சொன்னார். நான் வெளியே மைக்கில் படித்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்தேன். அவர் வெளியே வந்து, "'போறாங்க'ன்னு மட்டும் கேட்டுச்சுக்கா. யார் எங்க போறாங்கன்னு தெரியல" என்றார். அதன்பிறகு ஓடும் ஆட்டோவில் அறிவிப்பதை விட்டோம். சில வீடுகளுக்கு ஒருமுறை தயாளன் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைப்பார். நான் முழுவதும் சொல்லி முடிப்பேன். பிறகு இறங்கி வாசலில் நிற்பவரிடம், "எங்க கிளம்பறீங்க?" என்று கேட்பேன். பள்ளிக்கூடத்துக்கு என்று பதில் வந்தால் அடுத்த வீடு. "பார்க்கலாம் மேடம்" என்றால் அந்த வீடு கிளம்பாது என்று அர்த்தம். அங்கேயே நின்று பேச வேண்டும். சாதிக் பாய் மசூதி ஒலிபெருக்கியிலும் இதே வார்த்தைகளைச் சொல்ல ஜமாத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருடமே தேவைப்பட்டது. ஏரி நிரம்பியது, வானிலை எச்சரிக்கையும் வந்தது. சொன்னோம். ஜனங்கள் வந்தார்கள். அப்படி ஒரு கூட்டம் எங்கள் சொல்லுக்கு எழுந்து வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தயாளன் நடக்க முடியாதவர்களையெல்லாம் ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.

மழை திசை மாறிப் போய்விட்டது. ஏரி மதகின் ஷட்டரை உயர்த்த வேண்டிய அவசியமே வரவில்லை. பள்ளிக்கூட வகுப்பறைகளில் இரண்டு ராத்திரி கொசுக்கடியில் கிடந்த ஜனங்கள் வெயில் அடிப்பதைப் பார்த்தார்கள். சாதிக் பாய் பஞ்சு மூட்டைகளைத் திறந்து காட்டினார். வண்டியில் ஏற்றி வந்தபோது பெய்த தூறலில் பாதி வீணாகியிருந்தது.

"நனையக் கூடாதுன்னு எடுத்துக்கினு வந்தேன் மேடம்" என்றார். "எடுத்துக்கினு வந்ததாலதான் நனைஞ்சுச்சு."

இளங்கோ முற்றத்தில் எல்லார் முன்னாலும் போய் நின்றார். "தண்ணி வரும்னு சொன்னேன், வரல. உங்களுக்குக் கஷ்டம் கொடுத்துட்டோம். ஆனா அடுத்த தடவையும் இதே நிலைமை வந்தா மறுபடி கூப்பிடுவேன்" என்றார். பின்னாலிருந்து தயாளன்தான், "இன்னா சார், டிக்கெட் கிழிச்சு உள்ள ஒக்கார வச்சிட்டு படமே ஓட்டலயே!" என்றார். கூட்டம் சிரித்தது. இளங்கோவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நாங்கள் அன்றைக்குத் தப்பித்தோம்.

அடுத்த வருடம் அதே மாதிரி ஒரு காலை. விடிந்தது முதல் விடாத மழை. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. மதியத்துக்குமேல் ஷட்டரைப் பெரிதாக உயர்த்தப் போவதாக எங்களுக்குத் தகவல் வந்தது. ஆட்டோவைத் தயாளன் முன்கூட்டியே குமணன்சாவடியில் மேடான இடம் பார்த்து நிறுத்திவிட்டு வந்திருந்தார். அதனால் அன்றைக்கு வேறு வண்டியில் போனேன். வழியில் அவரே எதிரே வந்தார். "எங்க கிளம்பறீங்க?" என்று வழக்கம்போல் கேட்டேன். "ஸ்கூலுக்குத்தான் மேடம். அவளை அனுப்பிட்டேன். சாமானெல்லாம் பரண்ல ஏத்திட்டு வந்துடறேன்" என்றார்.

சாதிக் பாய்தான் தயங்கினார். "போன தடவை மைக்ல சொன்னதுக்கு இன்னமும் கிண்டல் பண்றாங்க மேடம். என் வாயால சொன்னா வர்றவனும் வரமாட்டான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வாங்க" என்று தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு மசூதிக்கு நடந்தார். அவர் குரல் தெருவெல்லாம் கேட்டது. முணுமுணுத்துக்கொண்டாவது ஜனங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு குரல் பதிவு பரவியது. யாரோ ஒருவன் அழுதுகொண்டே, "ஏரி ஒடஞ்சிடுச்சு, எல்லாரும் ஓடுங்க" என்கிறான். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸாப் குழுக்களில் அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. எங்கள் பகுதிக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில்கூட ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து நின்றுவிட்டார்கள். ஆம்புலன்ஸ் நகர முடியவில்லை என்றார்கள்.

அதை அடக்குவதற்காக மேலேயிருந்து ஒரு மறுப்புச் செய்தி வந்தது. எந்த அலுவலகம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. "ஏரி உடைந்ததாகப் பரவும் தகவல் வதந்தி. கரை பாதுகாப்பாக உள்ளது. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை." டிவியில் கீழே ஓடியது. எல்லார் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தச் செய்தியில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கரை உடையவில்லை. பாதுகாப்பாகத்தான் இருந்தது. கரையைக் காப்பாற்றத்தானே ஷட்டரைத் திறப்பார்கள்!

நான் பள்ளிக்கூட வாசலில் இருந்தேன். உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் போனை நீட்டி எனக்கே படித்துக் காட்டினார். "நீங்களே ஓடுன்றீங்க, நீங்களே பயப்படாதேன்றீங்க. இன்னாதான் மேடம் பண்ணச் சொல்றீங்க?" சில பேர் மூட்டையைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். மைக்கைப் பிடித்து, "கரை வேற, ஷட்டர் வேற. போகாதீங்க" என்று கத்தினேன். அந்த மழையில், அந்த இரைச்சலில், கரைக்கும் ஷட்டருக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இளங்கோவைப் போனில் கூப்பிட்டேன். "பார்த்தேன்கா. மேல பேசிட்டேன். 'கால்வாய் ஓரம் இருக்கறவங்க மட்டும் உடனே வெளியேறணும்'னு இன்னொரு வரி சேருங்கன்னு கெஞ்சிட்டேன். ஒரே நாள்ல ரெண்டு விதமாச் சொன்னா ஜனங்க குழம்பிடுவாங்களாம்." போனில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. "நீங்க வாசலை விட்டு நகராதீங்க. நான் தெருவுக்குள்ள போறேன்."

பத்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கணவருடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். தயாளன் குரல் எனக்கும் கேட்டது.

"கவர்மென்ட்டே சொல்ட்டாங்கடி, பயப்பட வேணாம்னு. இப்பத்தான் டிவில போட்டான். நீ ஏன் அங்க நனைஞ்சிக்கினு கீறே? ஊட்டுக்கு வா, டீ போட்டு வைக்கிறேன்."

"இங்க மேடம் வேற மாதிரி சொல்றாங்கய்யா. நீ மொதல்ல கிளம்பி வா."

"மேடம் காலைல சொன்னதைச் சொல்றாங்க. இது இப்ப வந்தது."

போனைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன். கொடுத்தார். அதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுபடி அடித்தோம், மாற்றி மாற்றி அடித்தோம். கைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் தண்ணீர் வந்தது. திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் கணுக்கால் நனைந்ததுமே ஓடி வந்துவிட்டார்கள். இளங்கோவும் சாதிக் பாயும் இடுப்பளவு தண்ணீரில் கயிறு கட்டிச் சிலரை இழுத்து வந்தார்கள். கடைசி வரிசைக்கு அவர்களால் போக முடியவில்லை. தீயணைப்புப் படகும் போய்ப் பார்த்துவிட்டு இழுப்பு தாங்காமல் திரும்பியது. கால்வாய்ப் பக்கச் சுவர் உள்வாங்கி விழுந்ததில் தயாளன் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். தண்ணீர் வடிந்த பிறகுதான் எடுத்தார்கள். சாமான்கள் எல்லாம் பரணில் பத்திரமாக இருந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் பத்மா என்னிடம் அழவில்லை, திட்டவும் இல்லை. சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார். "ரெண்டுமே கவர்மென்ட்டு சொன்னதுதானே மேடம்? எது உங்களுது, எது அவங்களுதுன்னு எங்க ஊட்டுக்காரருக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு விசாரணை. "முன்னெச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் வீட்டிலேயே தங்கியதால்" என்று ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இளங்கோ கண்ணாடியைக் கழற்றவில்லை. மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்.

"அவர் கிளம்பிக்கிட்டு இருந்தார் சார். நாம அனுப்பின ரெண்டாவது செய்தியைப் பார்த்துட்டு நின்னார். ரெண்டையும் எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

"மறுப்பு கொடுக்காம இருந்திருந்தா ஹைவேல எத்தனை பேர் மிதிபட்டிருப்பாங்க தெரியுமா?" என்றார் விசாரித்தவர்.

"தெரியும் சார். மறுப்பு தப்புன்னு நான் சொல்லல. அதுக்குப் பக்கத்துல இன்னொரு வரி வேணும்னு அன்னைக்கே கேட்டேன். அதையும் எழுதுங்க."

எழுதவில்லை. அவர் தனியாகத் தன் அறிக்கையை எழுதிக் கொடுத்தார். நானும் அவர் எழுதியதற்குக் கீழே எழுதிக் கொடுத்தேன். அது எங்கே போனதென்று தெரியாது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அவரை நில எடுப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கோப்புகள் உண்டு, ஜனங்கள் கிடையாது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. விடைபெறும்போது, "மைக்கை யார்கிட்டயும் கொடுத்துடாதீங்கக்கா" என்றார். நான் ஓய்வு பெறும்வரை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஆனால் ஜனங்கள் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே போனைப் பார்ப்பார்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று பார்ப்பது போலிருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு, மழைக்கு முன்னால் இளம் அலுவலர்களுக்கு நடத்தும் வகுப்பு ஒன்றில் பேச என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் பேசியவர் திரையில் ஒரு படம் காட்டினார். இடிந்த சுவரும் சேறும். கீழே, "எச்சரித்தும் வெளியேறாத நபர்" என்று போட்டிருந்தது. "எவ்வளவு சொன்னாலும் சிலர் கேட்க மாட்டார்கள் என்பதற்கு இது உதாரணம்" என்றார். சுவரின் நீல நிறத்தைப் பார்த்ததும் அது தயாளன் வீடு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எழுந்தேன். "அவர் பேர் தயாளன்" என்றேன். "நம்ம அறிவிப்பு வண்டியையே அவர்தான் ஓட்டினார். கேக்காத ஆள் இல்ல. நாம கடைசியா என்ன சொன்னோமோ அதைக் கேட்டார்."

பேசியவர் நல்ல மாதிரி. மரியாதையாக, "படத்தை எடுத்துடறேன் மேடம்" என்றார். எடுக்க வேண்டாம், எழுத்தை மாற்றுங்கள் என்றேன். தலையாட்டினார். மாற்றினாரா என்று தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டுக்கு ரயில் ஏறினேன். பத்மா அங்கே அக்கா வீட்டின் மாடியில் ஒரு அறையில் இருக்கிறார். அங்கிருந்துதான் அம்பத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். உடம்பு பாதியாகியிருந்தது. வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். புடவை நுனியை மடித்துப் பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இங்க நான் யார்கிட்டயும் சொல்லல மேடம். நெஞ்சு வலில போயிட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன். தண்ணியில போனாருன்னு சொன்னா, 'ஏன், சொன்னாங்களே, கேக்கலையா'ன்னுதான் அடுத்து கேக்கறாங்க. செத்தவரை முட்டாளாக்கறாங்க."

என்னை வழியனுப்பக் கீழே வந்தார். கீழ் வீட்டுப் பெண்மணி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "யாரு பத்மா, சொந்தமா?" என்றார்.

"இல்லக்கா. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சவங்க. அவரு வண்டியில வேலையா வருவாங்க."

"பாவம், நல்ல மனுசன்னு சொல்லுவியே. சின்ன வயசுல நெஞ்சு வலி வந்து..."

பத்மா என்னை ஒருதரம் பார்த்தார்.

"நெஞ்சு வலி இல்லக்கா" என்றார். "வெள்ளத்துல போனாரு. கிளம்புன்னு சொன்னாங்க, கிளம்பினாரு. அப்பறம் பயப்படாதேன்னு சொன்னாங்க. ஒக்காந்துட்டாரு."